ரோபோ, உடம்போடு எந்திரம் சேர்ந்த சைபார்க் என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். தர்மபுரி மாதிரி ஊரில் இருந்துகொண்டு, தசையை இறுக்கினால் மூடுகிற எந்திரக் கையை நானே செய்ய முடியுமா?

முடியும். "தர்மபுரி மாதிரி ஊரில்" என்ற தயக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வேண்டிய சாமான்களில் பாதி மெடிக்கலிலும் தையல் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைத்துவிடும். மீதிக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கிறது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைவிட தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அதுதான் கிட்டம்.

நீங்கள் பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர், ஆர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டில் ஒரு எல்.இ.டி.யையாவது எரிய வைத்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஓசூர் பக்கம் வெல்டிங் ரோபோ பராமரிப்பில் இருப்பவன், டாக்டர் இல்லை. கீழே உள்ளது கற்றுக்கொள்வதற்கான கை. கை இழந்த ஒருவருக்கு மாட்டிவிடுவதற்கானது இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ரோபோவும் சைபார்க்கும் ஒரே ஆசையாகத் தெரிந்தாலும் வேலை வேறு. தொழிற்சாலையில் நிற்கும் ஆறு அச்சு ரோபோவுக்கும் மனித உடம்புக்கும் எந்த உறவும் கிடையாது. டீச் பெண்டன்ட் என்ற கைக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லித் தருகிறோம், அது அதே புள்ளிகளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. கூண்டுக்குள் ஆள் நின்று சொல்லித் தரும்போது அதன் வேகம் விநாடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பெண்டன்ட்டின் பின்னால் உள்ள எனேபிள் சுவிட்சை விட்டாலும் ரோபோ நிற்கும், பதற்றத்தில் இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். ஆளையும் எந்திரத்தையும் பிரித்து வைப்பதற்குத்தான் அங்கே இவ்வளவு பாடு. சைபார்க் விஷயத்தில் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். சேருகிற அந்த இடத்தில்தான் முழுச் சிரமமும் இருக்கிறது. மோட்டார் கடையில் கிடைக்கும், புரோகிராம் இணையத்தில் கிடைக்கும். தோலும் கம்பியும் சேருகிற அந்த ரெண்டு இஞ்ச் இடத்தை நீங்களேதான் சரிசெய்தாக வேண்டும்.

கதைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. 1920-ல் காரல் சாபெக் எழுதிய நாடகத்தில் வரும் ரோபோக்களே உலோகத்தால் ஆனவை அல்ல, செயற்கைச் சதையால் ஆனவை. 1960-ல் மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் இருவரும் விண்வெளிப் பயணத்துக்காக சைபார்க் என்ற யோசனையை முன்வைத்தபோது காட்டிய உதாரணம் இரும்பு மனிதன் அல்ல. மருந்தை மெல்லச் செலுத்தும் பம்ப் பொருத்திய, 220 கிராம் எடையுள்ள ஒரு எலி. அதற்கும் முன்பே, 1958-ல், ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவரின் உடம்புக்குள் முதல் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது சில மணி நேரமே ஓடியது. அடுத்தடுத்து மாற்றி மொத்தம் 26 பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். பேஸ்மேக்கர் வைத்தவரையெல்லாம் சைபார்க் என்பதா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நம் ஊரில் காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிய வட்டத்தோடு பள்ளிக்கூடம் போகும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். காக்ளியர் இம்ப்ளாண்ட் அது. வெளியிலுள்ள கருவி ஒலியைப் பிரித்து, தோலைத் தாண்டி ரேடியோ அலையாக அனுப்ப, உள்ளே வரிசையாக உள்ள எலக்ட்ரோடுகள் கேட்கும் நரம்பையே தூண்டுகின்றன. என்னைக் கேட்டால் எந்த சினிமா சைபார்க்கைவிடவும் அந்தக் குழந்தை பெரிய அதிசயம்.

சரி, கைக்கு வருவோம். தசை சுருங்கும்போது தோலின் மேல் ஒரு சின்ன மின்னழுத்தம் தெரியும். அதைப் பிடிப்பதற்கு இ.எம்.ஜி. என்று பெயர். எவ்வளவு முறுக்கினாலும் சில மில்லிவோல்ட்தான் வரும். 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும், பெரும்பகுதி 50க்கும் 150க்கும் நடுவில். கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸும் அங்கேயே வந்து உட்காருவதுதான் தலைவலி.

முன்கையை மேசைமேல் உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து முஷ்டியை மடக்குங்கள். முழங்கை மடிப்புக்குக் கீழே, முன்கை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், உள்பக்கம் ஒரு தசை புடைக்கும். மற்றக் கை விரலால் அழுத்திப் பார்த்தால் எது கெட்டியாகிறது என்று தெரியும். அதன் நடுப்பகுதியில் இரண்டு எலக்ட்ரோடு, மையத்துக்கு மையம் 20 மி.மீ., தசை ஓடும் நீளவாக்கில். குறுக்கே ஒட்டினால் சிக்னல் நன்றாகக் குறைந்துவிடும், பக்கத்துத் தசையின் சிக்னலும் கலக்கும். மூன்றாவது எலக்ட்ரோடு முழங்கை எலும்பு முட்டின்மேல், தசை இல்லாத இடத்தில். மெடிக்கலில் இ.சி.ஜி. எலக்ட்ரோடு என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கானதில் பஞ்சு விளிம்பு ஒன்றோடொன்று இடித்து 20 மி.மீ. வராது, குழந்தைகள் சைஸ் கேளுங்கள், இல்லையென்றால் பஞ்சு விளிம்பைக் கத்தரியுங்கள், நடுவிலுள்ள ஜெல் வட்டத்தில் கத்தரி படக்கூடாது. ஒட்டும் இடத்தில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒன்றுமே வராது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தோல் லேசாகச் சிவக்கும்வரை துடைத்து, காயவிட்டு, முடி அடர்த்தியாக இருந்தால் மழித்துவிட்டு ஒட்டுங்கள். பாக்கெட்டைத் திறந்துபோட்டு வைத்தால் ஜெல் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே காயும்.

இந்தச் சிக்னலைப் பெருக்கித் தரும் மாட்யூல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஏடி8232 போர்டை வாங்குபவர்கள் நிறைய. அது இதயத் துடிப்புக்கானது. போர்டிலுள்ள ஃபில்டர் 40 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும். நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், அடிவால் மட்டும் கிடைத்துக் கை ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. தசைக்கென்றே செய்த மாட்யூல் வாங்குங்கள்.

சர்க்யூட்டை நீங்களே கட்ட ஆசைப்பட்டால் முதல் கட்டத்துக்கு ஏடி620 என்ற பெருக்கி சிப் போதும். அதில் பெருக்கம் = 49.4 கிலோ ஓம் ÷ ஆர்ஜி + 1. ஆர்ஜி என்பது சிப்போடு நீங்கள் இணைக்கும் ரெசிஸ்டர். மொத்தம் ஆயிரம் மடங்கு வேண்டும் என்பதற்காக முதல் கட்டத்திலேயே நூறு மடங்கு வைத்துவிடாதீர்கள். எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் டி.சி. தேங்கி நிற்கலாம், 300 மில்லிவோல்ட் நூறு மடங்கானால் 30 வோல்ட், சிப் உச்சியில் ஒட்டிக்கொண்டு அசையாது. ஆர்ஜி 5.6 கிலோ ஓம் வைத்தால் சுமார் பத்து மடங்கு. அடுத்து 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் 8.2 கிலோ ஓமும் வைத்த ஹை-பாஸ் ஃபில்டர், ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும், டி.சி.யும் போகும், கம்பி ஆடுவதால் வரும் அலையும் போகும். அதன் பிறகு ஆப்-ஆம்ப் என்ற இன்னொரு பெருக்கி சிப்பில் நூறு மடங்கு. கடைசியில் 2.5 வோல்ட்டை நடுவாக வைத்து ஆர்டுயினோவுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் அலையின் கீழ்ப்பாதி காணாமல் போகும்.

உடம்பில் ஒட்டியிருக்கும் சர்க்யூட் பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். அதனோடு இணைந்த லேப்டாப்பின் சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள். மட்டமான சார்ஜர் கசிந்தால் கரண்ட் போகும் வழி உங்கள் கைதான். இதில் யார் என்ன சொன்னாலும் சமரசம் வேண்டாம்.

புரோகிராம் சின்னதுதான். 1 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை படியுங்கள். 500 ஹெர்ட்ஸ் வரை பிடிக்க விநாடிக்கு ஆயிரம் அளவீடு வேண்டும், ஊனோ போர்டால் அது தாராளமாக முடியும். நடுமதிப்பைக் கழித்து, மைனஸை பிளஸாக்கி, கடைசி 100 அளவீடுகளின் சராசரியை எடுங்கள். தளர்ந்த கையில் சராசரி 10, இறுக்கினால் 120 என்று வருகிறது என்றால், மூடுவதற்கு 50, திறப்பதற்கு 25 என்று இரண்டு எல்லை வையுங்கள். ஒரே எல்லை வைத்தால் மதிப்பு அதைச் சுற்றி மேலும் கீழும் போய் விரல்கள் நடுங்கும். சராசரி எடுக்கும் நேரத்தை 300 மில்லிவிநாடிக்கு நீட்டினால் நடுக்கம் குறையும், ஆனால் கை தாமதமாக அசைவது கண்ணுக்கே தெரியும். 100 முதல் 150க்குள் நிறுத்துவது நல்லது.

"இறுக்கினால் மூடு, தளர்த்தினால் திற" என்று ஒரே தசையை வைத்து ஓட்டினால் டெமோவுக்கு அழகாக இருக்கும். பொருளைப் பிடித்திருக்கும் நேரம் முழுக்கத் தசையை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் கோளாறு. தசை களைத்தால் சிக்னலின் உயரமும் அதிர்வெண்ணும் மாறி எல்லைகள் பொருந்தாமல் போகும். நிஜ செயற்கைக் கைகளில் பல காலமாக உள்ள வழி, உள்பக்கத் தசைக்கு ஒரு சானல், வெளிப்பக்கத் தசைக்கு ஒரு சானல். ஒன்றை இறுக்கினால் மூடும், மற்றதை இறுக்கினால் திறக்கும், இரண்டும் சும்மா இருந்தால் நின்ற இடத்தில் நிற்கும். செலவு கொஞ்சம் கூடினாலும் இதையே செய்யுங்கள்.

விரல்களுக்கு 3டி பிரிண்டர் கட்டாயம் இல்லை. கேயல் லாஞ்ஜெவின் என்ற பிரெஞ்சு சிற்பி 2012-ல் தொடங்கிய இன்மூவ் கையின் வடிவங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரிண்ட் எடுக்க வசதி இருந்தால் எடுங்கள். விரல் துண்டுகளைப் படுக்கவைத்து எடுக்க வேண்டும். நிற்கவைத்து எடுத்தால் அடுக்குகள் குறுக்கே விழுந்து, இழுத்த இழுப்பில் ஒடியும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வைத்தால் விரல் கோணிக்கொள்ளும், பெட்ஜி என்ற பிளாஸ்டிக் அதைவிடத் தாங்கும். பிரிண்டர் இல்லையா, 20 மி.மீ. எலக்ட்ரிக்கல் பைப்பை 45, 28, 22 மி.மீ. துண்டுகளாக அறுத்து, மடியும் பக்கம் வி வடிவில் சீவி, முதுகுப் பக்கம் சைக்கிள் டியூப் பட்டையை ஒட்டித் திருகுங்கள். டியூப்பே கீலாகவும் இருக்கும், விரலைத் திரும்ப நிமிர்த்தும் ஸ்பிரிங்காகவும் இருக்கும்.

இழுப்பதற்குச் சாதாரண நைலான் தூண்டில் நரம்பு வேண்டாம், அது நீளும். இன்று சரியாக மூடிய விரல் நாளை பாதியில் நிற்கும். மீன்பிடிச் சாமான் கடையில் பின்னல் நரம்பு கேளுங்கள். அது நீளாது, ஆனால் வழுக்கும். முடிச்சை இரட்டையாகப் போட்டு, நுனியில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட வேண்டும்.

எவ்வளவு பலம் வரும் என்று முன்னாலேயே கணக்குப் போடுங்கள். இதைச் செய்யாமல்தான் பல கைகள் காட்சிப் பொருளாகவே நின்றுவிடுகின்றன. விரலுக்கு ஒரு சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார். எம்.ஜி.996ஆர் சர்வோ 4.8 வோல்ட்டில் சிக்கி நிற்கும்போது கொடுப்பது 1 செ.மீ. தூரத்தில் சுமார் 9 கிலோ. தொடர்ந்து எடுக்கக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள், 3 கிலோ. 1 செ.மீ. ஆரமுள்ள புல்லி அரைச் சுற்று சுற்றினால் நரம்பு 31 மி.மீ. இழுபடும், ஒரு விரல் முழுதாக மடங்க அது ஏறத்தாழப் போதும். நரம்பு மூட்டிலிருந்து 7 மி.மீ. தள்ளி ஓடுகிறது, பாதி மடங்கிய விரலின் நுனியோ சுமார் 70 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதனால் நுனியில் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு, 300 கிராம். நான்கு விரலுக்கு 1.2 கிலோ. உராய்வில் மூன்றில் ஒரு பங்கு போனால் 800 கிராம். விரலுக்கும் பாட்டிலுக்கும் உராய்வுக் கெழு 0.5 என்றால், இந்தப் பக்கம் விரல்கள், அந்தப் பக்கம் கட்டைவிரல் என்று சேர்ந்து தாங்குவது 800 கிராம்தான். கட்டைவிரல் ஈடுகொடுத்தால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நழுவும், அரை லிட்டர் நிற்கும். கட்டைவிரலுக்கும் இதேபோல் ஒரு சர்வோ வைத்தால் அதன் 300 கிராமை மற்ற நான்கும் எதிர்த்துத் தள்ளிவிடும். அதை மட்டும் அசையாமல் போல்ட் போட்டு நிறுத்துங்கள். நுனிகளில் சிலிக்கான் பூசினால் பிடி கூடும். எஸ்.ஜி.90 என்ற சின்ன நீல சர்வோவை இதற்கு நினைக்கவே வேண்டாம், அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் உதிர்ந்துவிடும்.

அடுத்தது பவர். சிக்கி நின்றால் ஒரு எம்.ஜி.996ஆர் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு விரலும் பொருளை இறுக்கும் நேரம் பத்து ஆம்பியர். ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து கொடுத்தால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். எல்லா சர்வோவும் ஒரு துடி துடித்து மறுபடி சரியும். "புரோகிராமில் தப்பு" என்று இரவெல்லாம் தேடுவார்கள், தப்பு பவரில் இருக்கும். சர்வோவுக்குத் தனியாக இரண்டு 18650 லித்தியம் செல் வரிசையில், பாதுகாப்புப் போர்டோடு. முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும், சர்வோவின் உச்சம் 7.2. ஆகவே பக் கன்வர்ட்டரில் 6 வோல்ட்டுக்கு இறக்க வேண்டும். எல்எம்2596 போர்டு 3 ஆம்பியருக்கு மேல் தாங்காது, ஐந்து ஆம்பியர் எக்ஸ்எல்4015 இரண்டு போட்டு இரண்டிரண்டு சர்வோவாகப் பிரித்துவிடுங்கள். சர்வோ லைனில் 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லை முன்கையில் கட்டிக்கொள்ளாதீர்கள்.

கட்டி முடித்ததும் வரும் தொல்லைகளில் முதலாவது இது: சர்வோ ஓடியதும் சிக்னல் கலங்கும், கலங்கிய சிக்னலைத் தசை என்று நினைத்து சர்வோ மறுபடி ஓடும், கை தானாக மூடித் திறக்கும். "ரோபோவுக்கு உயிர் வந்துவிட்டது" என்று வீடியோ போடுகிறார்கள், அது வயரிங் கோளாறு. எலக்ட்ரோடு கம்பிகளை ஒரு சாண் நீளத்துக்குள் வைத்து, இரண்டையும் முறுக்கி, சர்வோ கம்பிகளை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். கை தளர்ந்திருக்கும்போதே மதிப்பு அதிகமாக நின்றால் முதலில் முழங்கை எலக்ட்ரோடைப் பாருங்கள், அது தூக்கியிருக்கும். பக்கத்தில் மோட்டார் ஸ்டார்ட்டரோ டியூப் லைட் சோக்கோ இருந்தால் இடம் மாறி உட்காருங்கள். அடுத்த தொல்லை வியர்வை. இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவே ஈரம் பாலம் போட்டால், தசை எவ்வளவு முறுக்கினாலும் மதிப்பு ஏறாது. அதனால் ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் 5 விநாடி தளர்த்தி, 5 விநாடி இறுக்கி, எல்லைகளைப் புதிதாக எடுக்கும்படி புரோகிராமிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று சிலர் சொல்லலாம், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. எந்திரக் கை பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம், கை ஏன் போகிறது என்று பேசுவதில்லை. தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ்ஸில் இரண்டு கை பட்டன் எதற்கு? இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டை என்ற அச்சுக்குள் கை இருக்காது. முறையான சர்க்யூட்டில் இரண்டையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், அடுத்த அடிக்கு முன்னால் இரண்டையும் விட்டாக வேண்டும். மலிவாகச் செய்த பிரஸ்ஸில் இரண்டு பட்டனையும் வெறும் சீரியஸில் இணைத்திருப்பார்கள். ஒன்றில் குச்சியைச் செருகிவிட்டால் ஒரு கையால் ஓட்டலாம், மணிக்கு எத்தனை பீஸ் என்ற கணக்கும் கூடும். குச்சி செருகியிருப்பது சூப்பர்வைசருக்குத் தெரியாமல் இருக்காது. ஐ.டி.ஐ. முடித்துப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வருகிற நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள். இரண்டு டைமரும் இரண்டு ரிலேவும் செலவழிக்க மனமில்லாதவர்கள் விபத்துக்கு அப்புறம் "பையன் கவனமில்லாமல் இருந்தான்" என்கிறார்கள். எனக்கு இதில் பொறுமை கிடையாது. நீங்கள் எலக்ட்ரானிக்ஸ் கற்று எங்காவது அந்தப் பட்டன் சர்க்யூட்டைச் சரிசெய்தால், அதுவும் இந்த ஆசையில் சேர்ந்த வேலைதான்.

உங்கள் வீட்டிலோ தெரிந்த இடத்திலோ கை இழந்த ஒருவருக்காகத்தான் கேட்டீர்கள் என்றால், மேலே சொன்ன கையை அவருக்கு மாட்டாதீர்கள். நாலு சர்வோவே 220 கிராம், பேட்டரி இரண்டும் கிட்டத்தட்ட நூறு. மனிதக் கையே சுமார் 400 கிராம்தான், அதுவும் எலும்போடு பிடித்திருப்பது. செயற்கைக் கையோ மீந்த தசைமேல் தொங்குவது. மீந்த பகுதி காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு இருக்கும். அந்தப் பகுதியை நுழைத்து மாட்டும் கூடான சாக்கெட் சரியில்லாவிட்டால் ஒரு வாரத்தில் புண்ணாகும். சாக்கெட் எடுப்பது பயிற்சி பெற்ற ப்ராஸ்தெட்டிஸ்ட், அதாவது செயற்கை உறுப்பு பொருத்தும் நிபுணர் வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகங்களில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையோடு விண்ணப்பிக்கலாம். வேலையில் கை போயிருந்து இ.எஸ்.ஐ. இருந்தால் அந்த வழியிலும் செயற்கை உறுப்புக் கேட்கலாம். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. அதுவரை உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு: எலக்ட்ரோடை மட்டும் அவர் மீந்த தசைமேல் ஒட்டி, இல்லாத விரலை மடக்குவதாக நினைத்து முறுக்கச் சொல்லி, திரையில் அலை எழும்புவதைக் காட்டிப் பழக்குங்கள். கை வந்த பிறகு அவருக்கு அந்தப் பழக்கம் உதவும். இதையும் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒட்டிப் பார்த்துவிட்டு, தளர்ந்தபோது வரும் சராசரி, முறுக்கும்போது வரும் சராசரி, எந்த மாட்யூல் என்ற மூன்றையும் கமெண்டில் போடுங்கள். முறுக்கும்போது வருவது தளர்ந்ததைப்போல ஐந்து மடங்காவது இல்லையென்றால் மோட்டார் பக்கம் போகாதீர்கள், எலக்ட்ரோடு இடத்தை 1 செ.மீ. நகர்த்தி மறுபடி பாருங்கள்.